புதுப்பிப்பு: வார்னிஷ் அடிச்சதும் வெள்ளையா பூத்துப்போன மெட்ராஸ் சிப்பாய் பொம்மைகள் சரியாயிருச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்ல, 1803ல பிரிட்டிஷ் கம்பெனி படைக்கும் மராட்டியருக்கும் நடந்த அஸ்ஸாயே சண்டைக்காக பெயிண்ட் பண்ண 28 மிமீ குட்டி பொம்மைங்க, அந்த மெட்ராஸ் சிப்பாய்ங்க 24 பேருக்கும் மேட் (பளபளப்பில்லாத) ஸ்ப்ரே வார்னிஷ் அடிச்சதும் சிவப்பு கோட்டெல்லாம் மாவு தூவின மாதிரி ஆயிருச்சுன்னு. ஐடியா குடுத்த எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

முதல்ல ஆலிவ் எண்ணெய் தடவிப் பாத்தேன், நிறம் வந்துச்சு ஆனா பிசுபிசுன்னு இருந்ததால அந்த ஒரு சிப்பாயை சோப்பு போட்டு கழுவிட்டேன். வேலை செஞ்சது, ஐடியா குடுத்தவங்கள்ல பட்டர்வொர்த் அண்ணன் சொன்னதுதான்: கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷை பிரஷ்ல மெல்லிசா பூசி ஒரு நாள் முழுக்க காயவிட்டு, அதுக்கு மேல மேட் வார்னிஷ், அதையும் பிரஷ்லயே. கிளாஸ் பட்டதுமே சிவப்பு திரும்பி வந்துச்சு, அதப் பாத்தப்ப வந்த சந்தோஷம் இருக்கே! ரெண்டு பேருக்கு மட்டும் மடிப்புல லேசா வெள்ளை நிக்குது, அங்க சிவப்பை மறுபடி தொட்டுக்கணும்.

நான் எதிர்பாக்காத விஷயம், தப்பு ஸ்ப்ரே கேன்ல இல்ல. ஏர்கான் ரூம்ல ஜில்லுனு இருந்த உருவங்களை நேரா பால்கனிக்கு கொண்டுபோயி, அதுவும் மழை விட்ட சாயந்தரத்துல அடிச்சிருக்கேன், பினாங்கு ஈரக்காத்து அதுங்க மேல அப்படியே படிஞ்சிருக்கு. இனிமே வார்னிஷ் எல்லாம் பிரஷ்தான். அடுத்து பெயிண்ட் பண்ணப் போறது அதே சண்டையில இருந்த ஸ்காட்லாந்து படைப்பிரிவு, 78வது ஹைலேண்டர்ஸ்.