நாக்குப் பக்கம் பல்லுக்குக் கம்பி போட்ட அனுபவம்

நான் கிளிநொச்சியில தமிழ் படிப்பிக்கிறன். 36 வயசில கம்பி போடப்போறன் எண்டதும், "இனி என்னத்துக்குக் கம்பி, பிள்ளை?" எண்டு அம்மா கேட்டவ. பல்லு விழுந்து முளைச்ச வயசில இடம்பெயர்ந்து திரிஞ்சம். முன்பல்லு ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறினதை அப்ப ஆர் பாத்தது?

கொழும்பில, உள்பக்கமா ஒட்டுற கம்பி போட்டன். பல்லின்ர உள்பக்கம் ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி வளைவு. அதால முதல் அச்செடுத்து, அந்த அச்சுக்கு ஏத்த மாதிரிச் செய்துதான் வாயில ஒட்டினவை. சிரிச்சாலும் ஒருத்தருக்கும் தெரியாது.

கதைக்கிறதுதான் பாடு. த, ந பிறக்க நாநுனி மேற்பல்லின் அடியைத் தொடவேணும் எண்டு நன்னூல் படிப்பிக்கிறனான். தொடுற இடத்தில இப்ப இரும்பு. முதல் நாள் 'தந்தை' எண்டு சொல்ல, 'த' காத்தாப் போட்டுது. பிள்ளையள் சிரிக்கேல்ல. முன்வாங்கில இருந்தவ எழும்பி வந்து தன்ர தண்ணிப் போத்திலைத் தந்தா. நாக்கு ஓரமெல்லாம் புண். உப்புத்தண்ணியில கொப்பளிச்சு, மெழுகை உருட்டிக் கம்பி நுனியில அப்பி, இரவில பாடப்புத்தகத்தை உரத்து வாசிச்சன். மூண்டாம் கிழமை 'த' வந்திட்டுது. 'ல' கொஞ்சம் பிந்தினது.

பனங்கிழங்குத் தும்பு உள்ளுக்குச் சிக்கினா எடுக்கிறது பெரிய வேலை. அவிச்சுக் காயவைச்ச புழுக்கொடியலைக் கடிச்சு, கம்பியைப் பிடிக்கிற ஒரு பிராக்கெட் கழண்டு, அதை ஒட்ட ஒரு இரவு பஸ். காசும் வெளிக்கம்பியை விட நல்லாக் கூட.

—

அக்கா, நான் முல்லைத்தீவு. நாதஸ்வரம் வாசிக்கிறன். வாயில வைச்சு ஊதுற சீவாளியைப் பிடிக்கிற சொண்டில வெளிக்கம்பி குத்தினா வாசிக்கேலாது, அதால நானும் உள்பக்கம்தான். யப்பானில கின்யா புஜிட்டா எண்ட பல் வைத்தியர் 1970களில இதில இறங்கினதும், சண்டைக்கலை பழகிற ஆக்களின்ர சொண்டு கிழியக்கூடாது எண்டுதானாம். ஆனா சுரத்தைத் தட்டித் தட்டி ஊதுற துத்துக்காரத்துக்கு நாக்கு வேணுமே. முதல் மாசம் வந்த கச்சேரியளை வேற ஆக்களுக்கு விட்டன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முதல் சரிவந்திட்டுது. உங்களுக்குக் கடிக்கேக்க கம்பியில படேல்லையோ?

—

பட்டது தம்பி. என்ர மேற்பல்லு கீழ்ப்பல்லை நல்லா மூடி நிண்டது. கீழ்ப்பல்லு கம்பியில முட்டாமல் இருக்க, கடைவாய்ப் பல்லில பூச்சு வைச்சுக் கடியை உயர்த்தினவை. அந்த நாளெல்லாம் அம்மா சோத்தைக் குழைச்சு, மீனை முள்ளெடுத்துப் பிசைஞ்சு தந்தவ.