புதுப்பிப்பு: நானோ கம்பிச் சிப்பில் ரத்தத்தை அப்படியே விடலாமா?

அப்பாவுக்கு பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் சுரப்பியில் உருவாகும் புரதம்; அங்கே புற்றுநோய் இருந்தால் ரத்தத்தில் கூடலாம்) சோதனைக்காகப் பாலக்கோட்டில் எடுத்த ரத்தம் சேலம் போய், முடிவு வர மூன்று நாள் ஆனதைப் போன வாரம் எழுதியிருந்தேன். "ஒரு சொட்டு விட்டால் சிப்பே சொல்லிவிடும்" என்றும் முடித்திருந்தேன். அந்த வரியைத் திருத்துகிறேன்.

சிப் வேலை செய்வது உண்மை. தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய சிலிக்கான் நானோ கம்பியின் மேல் ஆன்டிபாடியை, அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளும் புரதத்தை, ஒட்டி வைக்கிறார்கள். பி.எஸ்.ஏ. வந்து அதில் பிடித்துக்கொண்டால், அதன் மின்னூட்டத்தால் கம்பியின் கடத்துதிறன் மாறுகிறது. சாயம் எதுவும் வேண்டாம். ஹார்வர்டில் சார்லஸ் லீபர் குழு 2005-இல் பல புற்றுநோய்க் குறியீட்டுப் புரதங்களை ஒரே சிப்பில் இப்படி அளந்து காட்டியது.

சிக்கல் உப்பில் இருக்கிறது. ரத்தத்தின் உப்பு அயனிகள் புரதத்தைச் சூழ்ந்துகொள்ள, ஒரு நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) தாண்டுவதற்குள் அதன் மின்விசை அடங்கிவிடும். ஆன்டிபாடியே சுமார் 10 நானோமீட்டர் நீளம். கம்பிக்கு எப்படி எட்டும்? லீபர் குழுவும் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) உப்பை நீக்கிய பிறகுதான் அளந்தது.

ஆக, பென்னாகரம் மலைக் கிராமங்களுக்கு இது வர வேண்டுமானால், ரத்தத்தைச் சுழற்றி மஞ்சள் சீரத்தைப் பிரிப்பது, உப்பெடுப்பது எல்லாமே அந்தச் சின்னப் பெட்டிக்குள் நடக்க வேண்டும். அது வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கேட்டவர்களுக்கு: அப்பாவின் பி.எஸ்.ஏ. அளவு 2.1. பயமில்லை என்றார் டாக்டர்.