அதிமதுரக் கஷாயமும் என் பிரஷரும்

போன மார்கழியில் தொண்டைக் கமறலுக்காக அதிமதுரம் தட்டிப் போட்டு, காலையும் மாலையும் கஷாயம் குடிக்க ஆரம்பித்தேன். கமறல் ஒரு வாரத்தில் போய்விட்டது. கஷாயத்தை விடவில்லை, இனிப்பாக இருந்ததே! இரண்டு மாதம் ஓடியது. அப்புறம் மாடி ஏறினால் தொடை துவண்டது, மோதிரம் விரலைப் பிடித்தது. பிரஷர் 170/100, ரத்தத்தில் பொட்டாசியம் 2.8, ரொம்பக் குறைவு.

முதலில் பார்த்த டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், அவ்வளவுதான். சிறுநீரக டாக்டர்தான் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஆல்டோஸ்டிரோன் எகிறியிருக்கும் என்று நினைத்தேன், இதில் அடிமட்டத்தில் இருக்கிறது. கைவைத்தியம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

அவர் சொன்னது இது. உப்பை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன். அது போய் ஒட்டும் இடமான ஏற்பியில் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் ஒட்டும். ரத்தத்தில் கார்ட்டிசால் பல நூறு மடங்கு அதிகம் வேறு. அதனால் அங்கே ஒரு நொதி காவல் நின்று, வரும் கார்ட்டிசாலை எல்லாம் கார்ட்டிசோனாக மாற்றிவிடும். கார்ட்டிசோன் அங்கே ஒட்டாது. அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் கிளிசிரைசின் அந்தக் காவலை முடக்கிவிடுகிறது. அப்புறம் கார்ட்டிசாலே ஏற்பியில் ஒட்டி, உப்பை உள்ளே நிறுத்தி, பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர் வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தபோது சிலருக்கு உடம்பு வீங்கியதை 1946-லேயே எழுதியிருக்கிறாராம்.

கஷாயத்தை நிறுத்தி மூன்று வாரம் கழித்துத்தான் பிரஷர் இறங்கியது.

*

உங்கள் பதிவைப் படித்தேன். எங்கள் அம்மாவுக்கு நடந்தது நேர் எதிர். இதய பலவீனத்துக்கு ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறார். நீங்கள் சொன்ன அதே ஏற்பியை அடைத்துவைக்கும் மாத்திரை அது. உப்பு வெளியேறும், பொட்டாசியம் உள்ளே தங்கும். இது தெரியாமல், வெயிலுக்கு நல்லதென்று பொட்டாசியம் நிறைந்த இளநீரைத் தினமும் இரண்டு வெட்டிக் கொடுத்தது நான்தான். பொட்டாசியம் 6.1, ஆபத்தான அளவுக்கு ஏறிவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக ஐசியூ. உப்பைக் குறை என்று சொல்லி அனுப்பியவர்கள் இளநீர் பற்றி வாயே திறக்கவில்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.

*

அக்கா, எங்கள் வீட்டில் 'லோ சோடியம்' உப்பு. அப்பா பிரஷருக்கு டெல்மிசார்டன் போடுகிறார், அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை. உங்கள் பதிவைப் படித்ததும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், பொடி எழுத்தில் பொட்டாசியம் குளோரைடு என்று இருக்கிறது. சமையலுக்குப் பழைய உப்பையே அளவாக எடுத்தாகிவிட்டது. நாளைக் காலை ரத்தப் பரிசோதனை.