புது குடியிருப்பில் குறைந்த வாடகை வீடு என்று நம்பி இங்கிலாந்துக்கு விமானம் ஏறாதீர்கள்

"அக்கா, நான் சேரப்போற ஆஸ்பத்திரி பக்கத்துல புதுசா நிறைய வீடு கட்டுறாங்க, குறைஞ்ச வாடகை வீடும் உண்டுன்னு போட்டிருக்கு, வந்ததும் ஒண்ணு எடுத்துடலாமா?" என்று களியக்காவிளைத் தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கிறாள். பாறசாலையிலிருந்தும் ஒருவர் இதையே கேட்டார், அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கிடைக்காது மக்களே.

இங்கே பில்டர் பெரிய அளவில் வீடு கட்டும்போது, 1990 திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி கவுன்சிலோடு, அதாவது அந்த ஊர் உள்ளாட்சியோடு, ஒப்பந்தம் போட்டு, இத்தனை வீடு குறைந்த வாடகைக்கு என்று ஒத்துக்கொள்வார். அப்புறம் செலவு ஏறிவிட்டது, கட்டுப்படியாகவில்லை என்று கணக்கைக் காட்டி அந்த எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வார். விற்பனை மதிப்பில் 15 முதல் 20 சதவீதம் வரை பில்டருக்கு லாபம் நிற்கலாம் என்று அரசு வழிகாட்டியே சொல்கிறது. அது குறையும் என்றால் முதலில் வெட்டு விழுவது இந்த வீடுகளில்தான். மிஞ்சுவதிலும், குறைந்த வாடகை என்று இங்கே சொல்லும் 'அஃபோர்டபிள் ரென்ட்' என்பது சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை போகலாம். அதற்கும் இங்கேயே பிறந்த குடும்பங்கள் வருடக்கணக்கில் காத்திருக்கின்றன, பாவம். நம் வேலை விசாவிலோ அரசின் பொதுநிதி உதவிகளைப் பெறக்கூடாது என்று நிபந்தனை, கவுன்சில் ஒதுக்கும் வீடும் அதில் அடக்கம்.

நான் வரும்போது ஊரில் ஒரு ஏஜென்ட் "வீடும் ரெடி" என்று சொல்லிப் பணம் வாங்கினார். வந்து பார்த்தால் ஒரே அறையில் மூன்று கட்டில், என் தலைமாட்டுச் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. அம்மா வீடியோ காலில் வந்தால் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துதான் பேசுவேன்.

அதனால், பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பவே வேண்டாம். முதல் சில வாரம் தங்க இடம் தருவீர்களா என்று ஆஸ்பத்திரிக்கு இப்போதே இமெயில் போடுங்கள். வீட்டைப் பிடித்து வைக்க வீட்டுக்காரர் ஒரு வார வாடகைக்கு மேலும், டெபாசிட்டாக 5 வார வாடகைக்கு மேலும் பொதுவாக வாங்கக்கூடாது. அந்த டெபாசிட்டை அவர் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் பதிந்தாக வேண்டும், விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். 2026 மே 1 முதல் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டியே கேட்கவும் முடியாது. முன்பெல்லாம் புதிதாக வந்தவர்களிடம் ஆறு மாதம் கூடக் கேட்பார்கள்.

கேரள எல்லை ஓரத்து நம்ம பக்கத்துக்காரர்களுக்கு மலையாளம் வரும் அல்லவா, அது இங்கே பெரிய உதவி. வார்டில் இருக்கும் மலையாளச் சேச்சிமாரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், நல்ல அறை விளம்பரத்துக்கு வரும் முன்னே அவர்களுக்குத் தெரிந்துவிடும். அறை பார்க்கப் போனால் கட்டிலை நகர்த்திச் சுவரைப் பாருங்கள், நைட் டியூட்டி முடிந்து வர பஸ் உண்டா என்றும் பாருங்கள்.

தங்கச்சி, உன் ஆஸ்பத்திரி எந்த ஊர் என்று எழுது, அங்கே யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துச் சொல்கிறேன்.