சுங்கை சிப்புட் பக்கம் மங்கி ஐலண்ட் விளையாடியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லயத்துவீட்டுக்காரன்:

1990-இல் லூக்காஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ என்ற கம்ப்யூட்டர் சாகச விளையாட்டைப் பற்றித்தான் இந்த இழை. அந்தக் காலத்தில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் விளையாட்டைப் பதிந்த டிஸ்கெட்டுகள் கை மாறிக்கொண்டே இருந்தன. சுற்றியிருந்த தோட்டங்களில் இதை விளையாடியவர்கள் என்னைத் தவிர இன்னும் பலர் இருப்பார்கள். முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் கம்ப்யூட்டர் இருந்தது பெரிய கிராணியார், அதாவது தோட்ட அலுவலகத் தலைமை எழுத்தர், வீட்டில் மட்டும்தான். அவர் மகன் என்னோடு புகுமுக வகுப்பில், அதாவது தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப் பள்ளிப் படிவங்களுக்குப் போகும் முன் படிக்கும் ஓராண்டு வகுப்பில், படித்தவன். இருவரும் தமிழ்ப்பள்ளியிலிருந்து போனவர்கள், எங்கள் ஆங்கிலம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இதற்கு முன் அவனிடம் இருந்தவை சியரா நிறுவனத்தின் சாகச விளையாட்டுகள். அவற்றில் ஒவ்வொரு கட்டளையையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் அடி தவறினால் ஆள் செத்துப்போவான், சேமித்து வைக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். ஆரம்பத்தில் எடுக்காமல் விட்ட ஏதோ ஒரு சாமான் இல்லாமல் கடைசியில் முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் நிற்பதும் உண்டு. அடுத்தவர் வீட்டில், இரவல் நேரத்தில் விளையாடுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

மங்கி ஐலண்ட் எங்களை அப்படிக் கைவிடவில்லை. அதை உருவாக்கிய ரான் கில்பர்ட் 1989-இலேயே ஒரு கட்டுரையில் இதைப் பற்றி எழுதியிருந்தார் என்பது பின்னாளில்தான் தெரிய வந்தது. செத்துச் செத்துத்தான் ஒருவன் பாடம் கற்க வேண்டும் என்பது கூடாது, முன்பு எதையோ எடுக்கவில்லை என்பதற்காகப் பின்னால் தண்டிக்கவும் கூடாது என்பது அவர் வாதம். எழுதியதைச் செய்தும் காட்டினார். அதில் ஒரே ஓர் இடத்தில்தான் சாக முடியும். விளையாட்டின் நாயகன் கைபிரஷ் என்கிற பையன். அவன் பத்து நிமிடம் மூச்சை அடக்குவேன் என்று பெருமை பேசுவான். அவனை ஒரு கனமான சிலையோடு கட்டிக் கடலில் தள்ளிவிடுவார்கள். கயிற்றை அறுக்கக்கூடிய கூரான சாமான்கள் சுற்றிலும் கிடக்கும், ஒன்றும் கைக்கு எட்டாது. நாங்கள் இருவரும் ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்து அலுத்த பிறகு, கிராணியார் மகன் அந்தச் சிலையையே எடுக்கச் சொல்லிச் சொடுக்கினான். கைபிரஷ் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கரையேறிவிட்டான்! அன்று நாங்கள் போட்ட கூச்சலில் கிராணியம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

இன்னொன்று. தீவில் ஒரு மலை உச்சி. விளிம்பில் நின்றால் மண் சரிந்து கைபிரஷ் கீழே விழுவான். சியரா விளையாட்டுகளில் வருவதைப் போலவே ‘மறுபடி முதலிலிருந்துதான்’ என்று ஒரு பெட்டி திரையில் வரும். மனம் உடையும் அந்த நொடியில் அவன் கீழேயிருந்து துள்ளி வந்து பழைய இடத்தில் நின்று, “ரப்பர் மரம்” என்பான். என்னைக் கூட்டிப்போக வந்த அப்பா சன்னலோரம் நின்று இதைப் பார்த்துவிட்டார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற மனிதர். விளக்கிச் சொன்னோம். “பால்மரம் எங்கடா மனுசனத் தூக்கிப் போடுது? விட்டா அது இழுத்துப் புடிச்சுக்கும்ல” என்றார். ஆனாலும் இன்னொரு தடவை விழச் சொல்லிப் பார்த்தார்.

மற்றவர்கள் சொல்லுங்கள்.

அஞ்சடிக்கடை:

அண்ணே, நான் அப்ப டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் கடையில வேலை. ஒரிஜினல் பெட்டி ஒண்ணுகூட எங்க கடைக்கு வந்ததா ஞாபகம் இல்ல. எல்லாம் காப்பி பண்ணினதுதான்.

அந்த வட்டத் தாள் நினைவிருக்கா? ஆட்டம் ஆரம்பிக்கும்போது ஒரு கடற்கொள்ளையன் முகம் வரும், இவன இன்ன ஊர்ல எந்த வருசம் தூக்குல போட்டாங்கன்னு கேக்கும். பெட்டியோட வர்ற ரெண்டு வட்டத்தைத் திருப்பி, ஒண்ணுல முகத்தோட மேல்பாதி, இன்னொண்ணுல கீழ்ப்பாதி, ரெண்டையும் பொருத்தினா வருசம் தெரியும். திருட்டுக் காப்பியைத் தடுக்கச் செஞ்ச ஏற்பாடு அது. நாங்க அதையும் போட்டோஸ்டேட் எடுத்து, கனமான அட்டையில ஒட்டி வெட்டி, நடுவுல சட்டைப் பொத்தானை வெச்சுத் தச்சுக் கொடுத்தோம். நல்லாவே சுத்தும்.

காட்டுக்குள்ள ஒரு மரக்கட்டை வரும். அதை உத்துப் பாத்தா கீழே சுரங்கம் இருக்குன்னு சொல்லி, 22-ஆவது டிஸ்கெட்டைப் போடுன்னு கேக்கும். அப்புறம் 36, அப்புறம் 114! நூறுக்கு மேல எங்க டிஸ்கெட்டு, எல்லாமே எழுதினவங்க செஞ்ச விளையாட்டு. ஆனா கடைக்கு வந்து 114-ஐக் கேட்டவங்க இருந்தாங்க. அமெரிக்காவுலயும் அந்தக் கம்பெனிக்கு போன் மேல போன் போயிருக்கு. அதனாலயே பின்னால வந்த பதிப்புகள்ல அதை எடுத்துட்டாங்க. எனக்கு அது போனதுல இன்னமும் வருத்தம்தான்.

தமிழ்ப்பள்ளி டீச்சர்:

அண்ணா, வாள் சண்டையைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லையே! எனக்கு இந்த விளையாட்டென்றாலே அதுதான்.

கையின் வேகத்தால் அதில் ஜெயிக்க முடியாது. எதிரி ஒரு வசை சொல்வான், அதற்கு ஏற்ற பதிலைச் சொன்னால் அவன் ஒரு படி பின்வாங்குவான். நம் எசப்பாட்டு மாதிரி. பதில் தெரியாவிட்டால் தோற்போம், ஆனால் அந்த வசை நமக்குச் சொந்தமாகிவிடும். அதையே அடுத்தவனிடம் வீசினால் அவன் சொல்லும் பதிலும் நமக்கு வந்துவிடும். எரோல் ஃபிளின் நடித்த பழைய வாள்வீச்சுப் படங்களில் கத்தியை விட வாய்தான் அதிகம் வேலை செய்கிறது என்று கவனித்து ரான் கில்பர்ட் பிடித்த யோசனை இது.

என் அண்ணன் மவுஸைப் பிடித்திருப்பான், நான் பள்ளி நோட்டில் கோடு போட்டு இடப்பக்கம் வசை, வலப்பக்கம் பதில் என்று எழுதுவேன். மடியில் அகராதி. ஒரு வழியாகப் பட்டியல் நிறைந்து வாள் வித்தையில் தலைசிறந்த கார்லாவிடம் போனால், அவள் சொல்லும் வசைகள் எல்லாமே புதியவை. எங்கள் நோட்டில் ஒன்றுகூட இல்லை. ஆனால் பழைய பதில்களே அவற்றுக்கும் பொருந்தும், எது எதற்கு என்று நாமே யோசிக்க வேண்டும். மனப்பாடம் செய்தவன் அங்கே நிற்பான், பொருள் புரிந்தவன் மேலே போவான். இதைவிட நல்ல மொழிப் பரீட்சையை நான் ஆசிரியப் பயிற்சியில்கூடப் பார்க்கவில்லை, மனதாரச் சொல்கிறேன்.

எலேனையும் சொல்ல வேண்டும். அவள் அந்தத் தீவின் ஆளுநர். பேய்க்கொள்ளையன் லெசக் அவளைக் கடத்திக் கட்டாயக் கல்யாணம் செய்யப் பார்க்கிறான். கைபிரஷ் கல்யாண நேரத்தில் கோயிலுக்குள் பாய்கிறான். பார்த்தால், அவள் தப்பிக்கும் வழியை முன்பே தயார் செய்துவிட்டாள். இவன் புகுந்துதான் அதைக் கெடுக்கிறான். இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது எவ்வளவு பிடித்தது தெரியுமா.

பினாங்கு மென்பொருள்:

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து லிந்தாங்கில், இப்போது பினாங்கில் நிரல் எழுதும் வேலை. இந்த விளையாட்டு இன்னமும் உயிரோடு இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று இருக்கிறது.

1987-இல் ‘மேனியாக் மேன்ஷன்’ செய்தபோது ரான் கில்பர்ட்டும் கூட்டாளிகளும் ஸ்கம் என்ற ஒரு கருவியை உருவாக்கினார்கள். கதை, உரையாடல், புதிர் எல்லாம் தனி மொழியில் எழுதப்பட்ட கோப்புகளாக இருக்கும். அவற்றைப் படித்து இயக்கும் நிரல் வேறாக இருக்கும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தேவையில்லை, ‘எடு’, ‘திற’, ‘பேசு’ போன்ற வினைகளைத் திரையில் சொடுக்கினால் போதும். டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் இருவரும் கில்பர்ட்டோடு சேர்ந்து மங்கி ஐலண்டின் உரையாடல்களை எழுதியது இதை வைத்துத்தான். பிறகு, அந்தக் காலக் கம்ப்யூட்டர்களை இயக்கிய டாஸ் மென்பொருளின் காலம் முடிந்தது. பல நல்ல விளையாட்டுகள் அதோடு மண்ணோடு மண்ணாயின. ஆனால் 2001-இல் ரசிகர்கள் ஸ்கம்விஎம் என்று அந்த இயக்கும் நிரலை மட்டும் புதிதாக எழுதினார்கள். கோப்புகள் அதே பழைய கோப்புகள்தான். இன்று கைப்பேசியிலும் ஓடுகிறது.

படங்களையும் பாருங்கள். முதல் பதிப்பில் மொத்தமே 16 நிறம். அந்த இரவு நேரத் துறைமுக ஊரில் அவ்வளவு நீலம் எப்படி வந்தது? மார்க் ஃபெராரி என்ற ஓவியர் இரண்டு நிறப் புள்ளிகளை மாற்றி மாற்றி அடுக்கி, தூரத்தில் மூன்றாவது நிறம் போலத் தெரிய வைத்தார். பெரிதாக்கிப் பார்த்தால் பாய் முடைந்த மாதிரி இருக்கும். 256 நிறப் பதிப்பு பிறகு வந்தது, ஆனாலும் என் ஓட்டு 16-க்குத்தான்.

கோலகங்சார் ரோடு:

ஒரு சின்ன விசயம். லெசக் பேயைக் கடைசியில ரூட் பியர் அடிச்சுத்தான் விரட்டணும். பேருலதான் பியர், அது போதையில்லாத இனிப்புப் பானம். ஈப்போ டவுனுக்குப் போனா ஏ அண்ட் டபிள்யூ சாப்பாட்டுக் கடையில கண்ணாடி மக்குல அதைக் குடிச்ச பிள்ளைங்க நாங்க. எங்களுக்கு உடனே புரிஞ்சிருச்சு. தமிழ்நாட்டுல இருந்த என் மாமா பையனுக்கு எழுதினப்போ, பீரான்னு கேட்டு அவங்க வீட்ல பிரச்சனையாயிருச்சு.

சிம்பாங் அக்கா:

தம்பிகளா, எல்லாத்தையும் படிச்சேன். என் தங்கச்சி மகனுக்குப் பன்னிரண்டு வயசு. எந்தப் பதிப்பைக் கொடுக்கலாம்?

லயத்துவீட்டுக்காரன்:

அக்கா, 2009-இல் வந்த சிறப்புப் பதிப்பை வாங்கிக் கொடுங்கள். புதுப் படங்களும் குரலும் அதில் உண்டு. கம்ப்யூட்டரில் எஃப்10-ஐ அழுத்தினால் அந்த இடத்திலேயே பழைய படத்துக்கு மாறிவிடும், பினாங்குத் தம்பி சொல்வது அப்போது கண்ணுக்கே தெரியும். துப்பு கேட்கும் வசதியும் இருக்கிறது, ஆனால் அதை அவனுக்கு உடனே காட்டாதீர்கள். கூட இன்னொரு பிள்ளையை உட்கார வையுங்கள், ஒருவன் சிக்கினால் மற்றவனுக்கு வழி தோன்றும். பிடித்துவிட்டால், கில்பர்ட்டும் கிராஸ்மனும் திரும்ப வந்து 2022-இல் செய்த ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’ காத்திருக்கிறது.

அஞ்சடிக்கடை, அந்தப் பொத்தான் தைத்த வட்டம் யாரிடமாவது இன்னும் இருந்தால் ஒரு படம் எடுத்துப் போடச் சொல்லுங்கள்.