லேட்டன்சிக்குத் தமிழில் என்ன சொல்? (வீட்டு ஒலிப்பதிவுக் கையேட்டுக்காக)

கோவையிலிருந்து, இசைப்பதிவுப் பயிற்றுநர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கணினியிலேயே பாட்டைப் பதிவு செய்ய விரும்பும் தொடக்கநிலை மாணவர்களுக்காக நான் எழுதும் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மைக், ஹெட்போன், கேபிள் ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டேன். ஆடியோ இன்டர்ஃபேஸை ஒலி இடைமுகம் என்றும், பஃபரை இடையகம் என்றும் எழுதியிருக்கிறேன். பாடிய குரல் கணினிக்குள் போய்க் காதுக்குத் திரும்பி வரப் பிடிக்கும் நேரமான லேட்டன்சி ஒன்றுதான் பிடிபடாமல் நிற்கிறது.

மைக்கில் பாடும் குரலை ஒலி இடைமுகம் எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது. கணினி அந்த எண்களை ஒவ்வொன்றாகக் கையாளாமல், ஒரு கொத்து சேரும்வரை இடையகத்தில் நிறுத்தி, பிறகு மென்பொருளுக்குக் கொடுத்து, ஹெட்போனுக்கும் கொத்துக் கொத்தாகவே திருப்பி அனுப்புகிறது. இந்த எண் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வீதத்தில் இடையகத்தை 1,024 மாதிரிகளுக்கு வைத்தால் ஒரு வழிக்குச் சுமார் 21 மில்லிநொடி பிடிக்கும். போகவர ஏறத்தாழ 43. பாடுகிறவர் தம் குரலைத் தலைக்குள் ஒருமுறையும் காதில் ஒருமுறையும் கேட்டு, இரண்டாவது குரலுக்காகக் காத்திருக்கத் தொடங்குவதால் தாளம் இழுபடுகிறது. நிமிடத்துக்கு 60 என்ற காலப்பிரமாணத்தில் ஓர் எண்ணிக்கைக்கு எட்டுச் சொற்கள் (தட்டுகள்) வாசிக்கும் மிருதங்க மாணவருக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் கிடைப்பது 125 மில்லிநொடிதான். அதில் மூன்றில் ஒரு பங்கு பிந்திக் கேட்டால் அவர் எப்படி வாசிப்பார்? இடையகத்தை 128க்குக் குறைத்தால் போகவர 5 மில்லிநொடியை ஒட்டி வந்துவிடும். ஆனால் பழைய கணினி ஈடுகொடுக்க முடியாமல் பதிவில் படபடவென்று வெடிப்பொலி விழும்.

இதைத் தாமதம் என்று எழுதத் தயங்குகிறேன். ஒலியைச் சற்றுப் பிந்தித் திரும்பக் கேட்கவைக்கும் டிலே என்ற எஃபெக்ட் அடுத்த அதிகாரத்தில் வருகிறது. அது நாமே வேண்டுமென்று சேர்ப்பது. இது வேண்டாமலே வந்து சேர்வது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் மாணவர் குழம்புவார்.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

தாமதம் எப்படியும் வேண்டாம். அது வடமொழித் தாமசத்தின் திரிபு. நம்மிடம் ‘தாழ்ச்சி’ இருக்கிறது. 671ஆம் குறளில் வள்ளுவர் ‘தாழ்ச்சியுள் தங்குதல் தீது’ என்பது காலநீட்டிப்பைத்தான். இன்றும் ‘காலந்தாழ்த்தாமல்’ என்று எழுதாத அரசுக் கடிதம் உண்டா? வேர் உயிரோடு இருக்கும்போது புதுச்சொல் தேடுவது வீண்வேலை.

யாழ்ப்பாணத்திலிருந்து, ஒலிப்பொறியாளர்:

ஐயா, குறளில் அந்தப் பொருள் இருப்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் ஒலித்துறையில் ‘தாழ்’ என்றதும் தாழ் அதிர்வெண்தான் நினைவுக்கு வரும். ‘தாழ்ச்சியைக் குறையுங்கள்’ என்று கையேட்டில் எழுதினால் மாணவர் அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திறந்து பேஸ் என்ற தாழ் ஒலியைக் குறைப்பார். எங்கள் ஊரில் பஸ் பிந்தினால் ‘சுணங்கிப் போச்சு’ என்கிறோம், குழந்தைக்கும் விளங்கும். ஆகவே ‘சுணக்கம்’ என்பது என் முன்மொழிவு.

எல்லாச் சுணக்கமும் கெடுதல் இல்லை என்பதையும் கையேட்டில் சேர்க்க வேண்டும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 5 மில்லிநொடி என்பது ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரைக் கேட்பதற்குச் சமம். மேடையில் பக்கவாத்தியக்காரர் அந்தத் தூரத்தில் உட்கார்ந்துதானே வாசிக்கிறார்?

மதுரைப் பேராசிரியர்:

சுணங்கு என்ற சொல்லின் வரலாற்றையும் பார்த்துவிடுவோம். சங்கப் பாடல்களில் அது மகளிர் மேனியில் தோன்றும் பொன்னிறப் புள்ளி. வேங்கைப் பூவோடு அதை ஒப்பிடுவது புலவர் வழக்கு. நிகண்டிலோ சுணங்கன் என்றால் நாய். அது வடமொழிச் சுனகத்தோடு தொடர்புடையது என்பதால் அதை ஒதுக்கிவிடலாம். மேனியின் நிறமாற்றத்திலிருந்து வாட்டமும், வாட்டத்திலிருந்து தளர்ச்சியும், தளர்ச்சியிலிருந்து பிந்துதலும் பிறந்திருக்கலாம் என்பது என் கருத்து. பசலை, பசப்பு ஆகியவற்றோடு இதை ஒப்பிட்டுத் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். ஆனால் தமிழக நாளிதழ்களில் ‘பணிகளில் சுணக்கம்’ என்றால் யாரோ கடமையில் சோம்பியிருக்கிறார் என்று பொருள். கணினி சோம்பவில்லை, அது முறைப்படி கொத்துச் சேர்க்கிறது. குற்றம் சாட்டும் சொல்லைக் கலைச்சொல்லாக்குவது முறையா?

சென்னையிலிருந்து, மென்பொருள் தமிழாக்கர்:

பள்ளி இயற்பியல் பாடத்தில் ‘உள்ளுறை வெப்பம்’ இருக்கிறது. லேட்டன்சியும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். மறைந்திருத்தல் என்பது வேர்ப்பொருள். ‘உள்ளுறை நேரம்’ என்றால் அறிவியல் ஒருமை கிடைக்கும். அது கூடாதென்றால் லேட்டன்சி என்றே எழுதிவிடுங்கள். மாணவர் திறக்கும் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் அந்தச் சொல்தான் இருக்கப்போகிறது.

யாழ்ப்பாணத்து ஒலிப்பொறியாளர்:

உள்ளுறை என்றால் உள்ளே மறைந்து கிடப்பது. இங்கே கோளாறே அது காதில் பளிச்சென்று கேட்பதுதான். லத்தீன்காரர் வேரை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

கோவைப் பயிற்றுநர்:

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் சுணக்கத்துக்கே ஆதரவு கூடுதல். அச்சகத்தார் காத்திருப்பதால் அதையே இடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘லேட்டன்சி எனப்படும் சுணக்கம்’ என்று இருக்கும். டிலே எஃபெக்டுக்குத் ‘தாமதம்’ நிற்கட்டும். பாடும்போது 128 அல்லது 256, பதிவானவற்றைக் கலவை (மிக்ஸிங்) செய்யும்போது 1,024 என்று இடையக அளவை மாற்றிக்கொள்ளவும், இடைமுகத்தில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்தால் கணினியைச் சுற்றாமலே தம் குரலைக் கேட்டுக்கொள்ளவும் சொல்லியிருக்கிறேன்.

மதுரைப் பேராசிரியர்:

அச்சகத்தின் அவசரத்தைக் காரணம் காட்டி ஒரு சொல்லை நிலைநிறுத்துவதை நான் ஏற்கவில்லை. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். டிலேக்குத் தாமதத்தை ஏற்றுக்கொண்டதன்மூலம் நாம் விலக்கிய வடசொல் பக்கத்து அதிகாரத்தின் வழியாக உள்ளே வந்துவிட்டது. அதற்கு ‘மறித்தொலி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். எதிரொலியோடு அது முட்டுமா என்பதை யாழ்ப்பாணத்து நண்பர் சொல்லட்டும்.