பதில்: வராத நோய் எப்படி ‘நாட்பட்ட நோய்’ ஆகும்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவருக்கு நெடுநாள் நீடிக்கும் நோய் வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவதை ஆங்கிலத்தில் ‘கிரானிக் டிசீஸ் ரிஸ்க் பிரெடிக்‌ஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ் தேடி மூன்று நாட்களாக ஓடும் இந்த இழையில் ‘நாட்பட்ட நோய் அபாய முன்கணிப்பு’ என்பதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டுவிட்டதாகத் தெரிகிறது. எனக்கு உடன்பாடில்லை. அந்த நான்கு சொற்களில் ‘நோய்’ ஒன்றுதான் குறையில்லாமல் இருக்கிறது.

நாட்பட்ட புண், நாட்பட்ட இருமல் என்றால் வந்து நெடுநாள் ஆகிவிட்டது என்று பொருள். நாம் பேசுவதோ இன்னும் வராத நோயைப் பற்றி. வராத நோய்க்கு ஏது நாள்? ‘தொற்றா நோய்’ என்று மாற்றிக்கொள்ளலாம் என ஒருவர் எழுதியிருந்தார். அரசு ஆவணங்களில் நிலைத்துவிட்ட நல்ல சொல்தான். ஆனால் எச்.ஐ.வி. வாழ்நாள் முழுதும் நீடிப்பது, தொற்றவும் செய்வது. அதை எந்தப் பக்கம் வைப்பது? நீண்ட காலம் உடனிருக்கும் என்பதை மட்டும் சொல்ல ‘நெடுநோய்’ போதும்.

‘அபாயம்’ என்பது மின்மாற்றிக் கம்பத்தில் மண்டையோட்டுக்குக் கீழே எழுதியிருக்கும் சொல். கை வைத்தால் போச்சு. நமக்கு வேண்டியது ஓர் அளவு. நூற்றில் ஒன்றாகவும் இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம். யாழ்ப்பாணத்து அன்பர் சொன்ன ‘இடர்நேர்வு’ இதைவிட எவ்வளவோ மேல். இலங்கை நிதித்துறை ஆவணங்களில் பழகிய சொல்லும்கூட. ஆனாலும் அது நேர்வதைச் சொல்கிறதே தவிர, நேர்வதற்கான அளவைச் சொல்லவில்லை. ‘நோய் வாய்ப்பு’ என்ற இன்னொரு யோசனை பற்றி ஒரு வரி போதும்: துண்டறிக்கையில் ‘நோய்வாய்ப்பு உள்ளவர்’ என்று கொடுத்தால், மெய்ப்புத் திருத்துபவர் ‘நோய்வாய்ப்பட்டவர்’ என்று மாற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

எனக்கு உண்மையான சண்டை ‘முன்கணிப்பு’ என்ற சொல்லோடுதான். வந்த நோய் இனி எப்படிப் போகும், எத்தனை நாளில் குணமாகும் என்று மருத்துவர் சொல்வதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. அது ஒரு புறம் இருக்கட்டும். ஜாதகத்தைக் கணிக்கிறோம். கணிப்பு என்றதும் நம் மனம் சோதிடர் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறது. ஜாதகம் ஒரே ஓர் ஆளுக்கு எழுதப்படுவது. இந்தக் கணக்கு அப்படி அல்ல.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்காம் என்ற ஊரில் 1948இல் ஓர் ஆய்வு தொடங்கியது. 30 முதல் 62 வயது வரையுள்ள 5,209 பேரைச் சேர்த்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்த்தார்கள். இரத்த அழுத்தம், கொழுப்பு, புகை என்று இன்று நாம் ஒப்பிக்கும் பட்டியலுக்குப் பெரும் சான்று அங்கிருந்து வந்ததுதான். ‘ரிஸ்க்’ தரும் காரணிகள் என்ற தொடரும் 1961இல் அந்தக் குழுவின் கட்டுரைத் தலைப்பில் வந்த பிறகே மருத்துவ உலகில் பரவியது. ஆங்கிலத்துக்கே அது புதுச் சொல்லாக இருந்த காலம் ஒன்று உண்டு. நாம் கூச்சப்பட வேண்டியதில்லை.

அந்த ஆய்விலிருந்து பிறந்த கணக்கைப் போட்டு ஒருவரிடம் ‘பத்தாண்டில் 20 விழுக்காடு’ என்றால் என்ன பொருள்? அவரைப் போன்ற வயதும் அழுத்தமும் கொழுப்பளவும் பழக்கமும் உடைய நூறு பேரில் ஏறத்தாழ இருபது பேருக்குப் பத்தாண்டுக்குள் இதயநோய் வரும். இவர் அந்த இருபதில் ஒருவரா, மற்ற எண்பதில் ஒருவரா என்று கணக்குக்குத் தெரியாது. ஊர் மாறினால் கணக்கும் பிசகும். ஃபிரேமிங்காம் சூத்திரத்தை அமெரிக்காவிலேயே வாழும் ஜப்பானிய வழி ஆண்களுக்குப் போட்டபோது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டியது, பிறகு அவர்களுக்கென்று திருத்தி அமைக்க வேண்டியிருந்தது. இத்தனையும் தெரிந்த பின் அதைக் ‘கணிப்பு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

தொடர் முழுவதற்கும் என் முன்மொழிவு: ‘வருநோய்த் தகவு’. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ‘நிகழ்தகவு’ இருக்கிறது; அந்தத் ‘தகவு’தான் இது. ‘நோய்க்குத் தகுதி பெற்றவர் என்பதுபோல் இருக்கிறதே’ என்று ஒருவர் கேலி செய்வார், தெரியும். நிகழ்தகவைப் படிக்கும் பிள்ளைகள் யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ‘வருநோய்’ என்பது ‘வருமொழி’ போல. நிலைமொழி நிற்க, வருமொழி வந்து சேர்கிறது. இருக்கும் உடலோடு வந்து சேரக்கூடிய நோய் வருநோய்.

நம் மருத்துவர் ஐயா தனிமடலில் ஓர் ஐயம் எழுப்பினார்: ‘வருநோய்’ வினைத்தொகை, வந்த நோய், வருகிற நோய், வரும் நோய் என்று முக்காலமும் காட்டுமே, குழப்பாதா? நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். அந்தக் குழப்பமே இங்கே வசதி என்று இப்போது தோன்றுகிறது.

காரணம், நான் மொழிபெயர்க்கும் துண்டறிக்கை. 2005இல் வெளியான இந்திய நீரிழிவு ‘ரிஸ்க் ஸ்கோர்’ பற்றியது. சென்னையில் நடந்த ஆய்வின் தரவுகளிலிருந்து உருவானது. கேள்வி நான்கே: வயது, இடுப்புச் சுற்றளவு, பெற்றோருக்குச் சர்க்கரை நோய் உண்டா, உடலுழைப்பு எவ்வளவு. ஊசி இல்லை, இரத்தம் இல்லை, ஒரு அளவுநாடா போதும். மொத்தம் 100; 60ஐத் தொட்டால் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஏன் உடனே பரிசோதனை? அந்தக் கணக்கு முதலில் அமைக்கப்பட்டதே, சர்க்கரை நோய் ஏற்கெனவே வந்திருந்தும் அறியாமல் இருப்பவர்களைக் கண்டுபிடிக்கத்தான். ஃபிரேமிங்காம் நாளையைப் பார்க்கிறது. இது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதையும் பார்க்கிறது. இரண்டையும் தாங்க முக்காலச் சொல்லைவிட வேறென்ன வேண்டும்? மருத்துவர்களுக்குப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தால், அறியாமல் இருப்பதை ‘மறைநோய்’ என்று வைத்துக்கொள்ளட்டும். துண்டறிக்கை படிப்பவருக்கு ஒரே சொல் போதும்.

இன்னொன்று. ‘ஸ்கோர்’ என்பதற்கு ‘மதிப்பெண்’ வேண்டவே வேண்டாம். போன ஆண்டு ஒரு முகாமில் என் அம்மாவுக்கு வயதுக்கு 30, இடுப்புக்கு 10, தாத்தாவுக்கு இருந்ததற்காக 10, உழைப்புக் குறைவுக்கு 20 என்று 70 எழுதிக் கொடுத்தார்கள். அட்டையில் ‘மதிப்பெண்: 70’. அம்மா வீட்டுக்கு வந்து, “பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாற்பதுதான், எனக்கு எழுபது” என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. பரிசோதனைக்குப் போகவேண்டும் என்று புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. எனவே ‘வருநோய்ப் புள்ளி’ என்று எழுதியிருக்கிறேன். இலங்கை நண்பர்களுக்குப் புள்ளியும் பரீட்சைப் புள்ளிதான் என்பதை மறக்கவில்லை. வேறு சொல் இருந்தால் கொடுங்கள்.

துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வியாழன் மாலைக்குள் மறுப்பு வராவிட்டால் ‘வருநோய்த் தகவு’ என்றே போட்டுவிடுவேன்.